நோயாளிக் குழந்தைக்கு மனசு கிடையாதா?

பாகூர் கொம்யூனில் ஒரு கிராமம். நடவுக் காலம். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை வகுப்பிலேயே வாந்தி எடுத்து, மூச்சு இரைத்து, நினைவு தப்பி விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்து பிழைத்தாள்.

அவளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்ட சர்க்கரை வியாதி. பெரியவர்கள் மாத்திரையும் பத்தியமுமாகக் காலம் தள்ளுகிறார்களே, அந்த ரகம் அல்ல இது. இந்தப் பிள்ளைகளின் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிறது. தினமும் ஊசி போட வேண்டும். தவறினால் உயிருக்கு ஆபத்து. ஆயுள் முழுவதும் இதே பாடு.

வார்டில் டாக்டர் கேட்டார்: "ஏன் ஒழுங்காக ஊசி போட்டுக்கொள்ளவில்லை?" பிள்ளை வாய் திறக்கவில்லை. "கவனமில்லாத பிள்ளை, அதைவிடக் கவனமில்லாத தாய்" என்று சீட்டில் எழுதாத தீர்ப்பு ஒன்றை வாயால் எழுதி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீடு திரும்பிய பிறகு நாம் போய்ப் பார்த்தோம். தாய் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். பிள்ளையிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தோம். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மாகிட்ட சொல்லாதீங்க மாமா. மருந்தைக் கொறைச்சிக் கொறைச்சிப் போட்டுக்கினேன். ஒரு மாசத்து மருந்து ஒன்றரை மாசம் வந்தா, அம்மா ஒருவாட்டி ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாம் இல்ல? ஒரு நாள் கூலி மிச்சம்."

தோழர்களே! இந்த வார்த்தையை இன்னொரு முறை படியுங்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் உயிர் மருந்தை மிச்சம் பிடித்து, தாயின் கூலியைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாள். தன்னையே இந்தக் குடும்பத்தின் கடன் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பிறகு அவளே தாயிடம் விஷயத்தைச் சொன்னாள். தாயும் மகளும் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை. நம் கிராமங்களில் இவள் ஒருத்தி மட்டும்தானா?

யார் குற்றவாளி?

இந்தப் பிள்ளை விஷயத்தில் மூன்று தீர்ப்புகளைக் கேட்டோம்.

ஆஸ்பத்திரி சொன்ன தீர்ப்பு: கவனக்குறைவு. எவ்வளவு கவனமாக, எவ்வளவு கணக்காக அவள் மருந்தைக் குறைத்தாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. ஆறு நாளில் அவள் இரத்தத்தை எத்தனையோ முறை சோதித்தார்கள். "உன் மனசில் என்னம்மா இருக்கிறது?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஊர் சொன்ன தீர்ப்பு: பூர்வ ஜென்ம பாவம், ஜாதக தோஷம். "இதை எவன் கட்டிக்கப் போறான்?" என்று பிள்ளையின் காதுபடவே பேசுகிறார்கள். பாவம் செய்தது யார்? கணையம் என்ற ஓர் உறுப்பிலே இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பின் காவல் சக்தியே தவறாகத் தாக்கி அழித்துவிடுவதால் வருகிற வியாதி இது. பிள்ளை மிட்டாய் தின்றதாலும் அல்ல, தாய் செய்த குற்றத்தாலும் அல்ல.

மூன்றாவது தீர்ப்பைச் சொன்னவர் நம்மவர். ஒரு பழைய தோழர், நல்லவர், போராட்டங்களில் முன்னே நின்றவர். "மனசு, கவலை என்பதெல்லாம் பணக்காரன் வீட்டு வியாதி, தோழர். முதலில் கூலிக்குப் போராடுவோம். மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்" என்றார்.

இந்த மூன்றாவது தீர்ப்போடுதான் முதலில் சண்டை போட வேண்டும். ஏனென்றால் அது நம் வீட்டுக்குள் இருக்கிறது.

ஏழைக்கு மனசு கிடையாது என்று யார் சொல்லிக்கொடுத்தது? பண்ணையார் சொன்னான், ஆலை முதலாளி சொன்னான். கூலியாளுக்கு முதுகும் கையும் போதும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றான். அவன் சொன்னதையே நாமும் திருப்பிச் சொல்லலாமா? கூலி உயர வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் நாளைக்கே கூலி உயர்ந்தாலும் அந்தப் பிள்ளை நெஞ்சில் "நான் ஒரு பாரம்" என்று ஏறி உட்கார்ந்திருப்பது தானாக இறங்காது. அதேபோல, தாய்க்கு ஒரு நாள் கூலி போவது நிற்காமல், எவ்வளவு நல்ல ஆலோசகர் வந்து எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் பிள்ளை நம்ப மாட்டாள். இரண்டும் சேர்ந்தே வேண்டும். கூலியா மனசா என்று பிரித்துக் கேட்பதே தப்பு.

இது நம் கற்பனையல்ல

நீண்ட நாள் நோயுள்ள குழந்தைகளின் மனம் மற்றக் குழந்தைகளின் மனத்தைவிட அதிகம் அடிபடுகிறது என்பது அறுபது ஆண்டுக்கு முன்பே கண்டறிந்த உண்மை. இங்கிலாந்தில் வைட் தீவு என்ற இடத்தில் 1964-65-இல் மைக்கேல் ரட்டர் என்ற மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பொதுவாக 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 7 பேருக்கு மனநலக் கோளாறு இருந்தது. மூளையைத் தொடாத நீண்ட நாள் உடல் நோயுள்ள பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 12. வலிப்பு நோயுள்ள பிள்ளைகளில் 100-க்கு ஏறக்குறைய 29. அது ஆஸ்பத்திரி வசதியும் பள்ளி வசதியும் உள்ள நாடு. அங்கேயே இந்த நிலை என்றால், ஒரு நாள் வேலை இல்லாவிட்டால் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளையின் நிலையை நாம் சொல்லியா தெரிய வேண்டும்?

வில்லியனூரிலும் பாகூரிலும் தெருவுக்குத் தெரு பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறால் உடம்பு வீங்கும் பிள்ளை. அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பிப்போகிறது. எரிச்சலும் அழுகையும் வருகின்றன. வகுப்பில் "பூசணிக்காய்" என்று பட்டப் பெயர். பிள்ளை மாத்திரையைத் துப்பிவிடுகிறான். நோய் திரும்புகிறது.

நெருக்கமான குடிசையில் தொண்டை வலியில் ஆரம்பித்து, வாதக் காய்ச்சலாக மாறி, இருதய வால்வைத் தாக்கிய பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி, வருஷக்கணக்கில். "ஓடாதே, ஆடாதே" என்று ஓயாத கட்டளை. கபடி நடக்கும் திடலின் ஓரத்தில் மற்றவர்களின் சட்டைகளைக் காவல் காத்துக்கொண்டு நிற்கிறான்.

வலிப்பு நோயுள்ள பிள்ளை. பக்கத்தில் உட்கார விடுவதில்லை. கையில் இரும்பைத் திணிக்கிறார்கள். பேய் ஓட்டக் கொண்டுபோகிறார்கள்.

இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி கொட்டிய பிள்ளை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்ச் சேரும் வரை வாசலுக்கு வருவதில்லை.

இவர்களுக்கெல்லாம் மருந்து கிடைக்கிறது. சில நேரம் தட்டுப்பாடு, ஆனாலும் கிடைக்கிறது. அந்த மருந்தை வாயில் போடவும் உடம்பில் ஏற்றவும் பிள்ளைக்கு மனசு வேண்டாமா? மனசு சோர்ந்தால் ஊசி தவறுகிறது. ஊசி தவறினால் சர்க்கரை ஏறுகிறது. சர்க்கரை ஏறினால் சோர்வு இன்னும் ஏறுகிறது. இந்தச் செக்கில் பிள்ளை சுற்றிக்கொண்டே இருக்கிறாள். எனவே மனத்துக்குத் துணை என்பது சிகிச்சைக்கு மேலே போடும் பூமாலை அல்ல. அதுவே சிகிச்சையின் பாதி.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது

சர்க்கார் என்ன செய்கிறது? காகிதத்தைப் பார்த்தால் குறையே இல்லை.

2017-இல் பார்லிமெண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 மே மாதம் அமுலுக்கு வந்தது. அதன் 18-ஆவது பிரிவு, சர்க்கார் நடத்தும் அல்லது சர்க்கார் பணத்தில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. கைக்கு எட்டும் செலவில், போய்வரக்கூடிய தூரத்தில் கிடைக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆரம்ப சுகாதாரம் வரைக்கும் எல்லா மட்டத்திலும் இதைச் சேர்க்க வேண்டும் என்கிறது. வேண்டிய சேவை ஜில்லாவில் இல்லாவிட்டால், அதே ஜில்லாவில் வேறு இடத்தில் பார்த்துக்கொண்ட செலவைச் சர்க்கார் ஈடு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

2013-இல் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் வந்தது. அதன் பட்டியலில் வாதக் காய்ச்சலால் வரும் இருதய நோய் இருக்கிறது, வலிப்பும் இருக்கிறது. 2014-இல் வளரிளம் பருவத்தினருக்கு இன்னொரு திட்டம். அதில் மனநலமும் ஓர் அம்சம். 2022 அக்டோபரில் 14416 என்ற டெலிபோன் எண்ணைக் கொடுத்தார்கள். இரவு பகல் எந்நேரமும் மனக் கஷ்டத்தைச் சொல்லலாம்.

இவற்றை நாம் கேலி செய்யவில்லை. அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவசரத்துக்கு உதவும். ஆனால் ஒன்று கேட்கிறோம். வீட்டுக்கு ஒரு செல்போன், அதுவும் தகப்பன் சட்டைப் பையில். பதின்மூன்று வயதுப் பிள்ளை எப்போது, யார் போனில், யார் காதில் விழாமல் பேசுவாள்? தான் ஒரு பாரம் என்று நினைக்கும் பிள்ளை எழுந்து உதவி கேட்க மாட்டாள். அவளிடம் போய்த்தான் கேட்க வேண்டும். அதற்கு முகம் தெரிந்த ஆள் வேண்டும்.

சட்டத்தில் உரிமை என்று எழுதியிருப்பதால் நேராகவே கேட்கிறோம்: வில்லியனூரிலும் பாகூரிலும் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் வாரத்தில் எந்த நாள், எந்த அறையில் உட்காருகிறார்? உட்காருகிறார் என்றால் அந்த நாளையும் நேரத்தையும் பலகையில் எழுதி ஆஸ்பத்திரி வாசலில் மாட்டுங்கள். பலகை மாட்ட முடியாவிட்டால், சட்டம் அமுலில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

"கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆரம்பித்த வைத்தியப் பள்ளியின் வழியில் வந்த பெரிய ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களிலிருந்து ஏழைகள் அங்கே வந்து பிழைத்துப் போகிறார்கள். அங்கே ஓயாமல் வேலை செய்யும் டாக்டர்களிடமும் நர்சுகளிடமும் நமக்குப் பகை இல்லை. ஆனால் பாகூர்த் தாய் விடியுமுன் எழுந்து, சோறு பொங்கி வைத்து, ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் பஸ்ஸில் போய், புதுவையில் இறங்கி இன்னொரு பஸ் ஏறி, சீட்டுக்கு வரிசையில் நின்று, பொழுது சாயத் திரும்புகிறாள். நடவுக் கும்பலில் ஒரு நாள் வராதவளை மறுநாள் சேர்ப்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் அந்தப் பிள்ளை போட்டாள். கணக்கில் தப்பே இல்லை. அந்தக் கணக்கைப் போட வைத்த ஏற்பாடுதான் தப்பு.

தாயின் விடுமுறை யாருக்கு?

மத்திய சர்க்காரின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. முழுச் சர்வீசிலும் 730 நாள். பிள்ளைக்கு நோய் என்றாலும் பரீட்சை என்றாலும் எடுக்கலாம். நல்ல சட்டம். அதன் மேல் நமக்குப் பொறாமை இல்லை. அந்தச் சகோதரிகள் பெற்றதை யாரும் பிடுங்க வந்தால் நாமும் கூட நிற்போம்.

ஆனால் சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் ஷிப்ட் பார்க்கும் தாயின் பிள்ளைக்கு நோய் வந்தால்? ஈ.எஸ்.ஐ.யில் பிள்ளைக்கு மருத்துவம் உண்டு. ஆனால் ஈ.எஸ்.ஐ. தரும் நோய்க்கால உதவித் தொகை தொழிலாளிக்கே நோய் வந்தால்தான். பிள்ளைக்குக் காவலிருக்கும் நாளுக்கு ஒரு பைசா கிடையாது. வயல் தாய்க்கோ ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, விடுப்பும் இல்லை, ஆஜர் பட்டியலும் இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தரின் பிள்ளைக்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்த சர்க்காருக்கு, கூலிக்காரியின் பிள்ளைக்கும் தாய் வேண்டும் என்று தெரியாதா?

இங்கே இங்கிலாந்தின் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஒரு காலத்தில் குழந்தையை வார்டில் விட்டுவிட்டுத் தாய் போய்விட வேண்டும். சொற்ப நேரம்தான் பார்க்க விடுவார்கள். "தாயைப் பார்த்தால் குழந்தை அழும்" என்பது காரணம்! தாயில்லாமல் அழுது அழுது பிறகு அடங்கிப்போன இரண்டு வயதுக் குழந்தையை ஜேம்ஸ் ராபர்ட்ஸன் என்பவர் 1952-இல் சினிமாவாக எடுத்துக் காட்டினார். அடங்கியது சமாதானமல்ல, மனம் உடைந்ததன் அடையாளம் என்று நிரூபித்தார். 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையில் சர்க்கார் கமிட்டியே தாயைக் கூட இருக்க விட வேண்டும் என்று சிபாரிசு செய்தது. கமிட்டி சொன்னதும் எல்லாம் மாறிவிடவில்லை. 1961-இல் லண்டனில் பாட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சங்கம் கூடி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகுதான் கதவுகள் திறந்தன.

நம் ஆஸ்பத்திரியில் தாயை வெளியே நிறுத்துவதில்லை. மாறாக, தாய் இல்லாமல் வார்டே நடக்காது. மருந்து வாங்க ஓடுவது, மூத்திரச் சட்டி எடுப்பது, இரவெல்லாம் தரையில் படுத்து விழித்திருப்பது எல்லாம் அவள்தான். சம்பளமில்லாத ஆயா! அங்கே தாய்மார்கள் கதவைத் திறக்கப் போராடினார்கள். இங்கே திறந்த கதவுக்கு உள்ளே தாய் தன் கூலியை நுழைவுக் கட்டணமாகக் கட்டுகிறாள். கட்டுவதைப் பிள்ளை படுக்கையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

முடியாத காரியமா?

"இதெல்லாம் சின்னப் பிரதேசத்தில் முடியுமா?" என்று கேட்பவர்கள் மாஹேயைப் பார்க்கட்டும். மாஹே நம் யூனியன் பிரதேசத்தின் ஒரு பகுதி. கடல் போக மற்றப் பக்கமெல்லாம் கேரளம். அந்தக் கேரளத்தில் 2018-இல் "மிட்டாயி" என்று குழந்தைகளுக்குப் பிடித்த பெயர் வைத்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மருந்தும் கருவியும் இலவசம். அதோடு பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மன ஆலோசனையும் சேர்த்து ஒரே திட்டம். அங்கே எல்லாம் சீராக நடக்கிறது, குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மருந்தையும் மனத்தையும் ஒரே கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்று ஒரு சர்க்கார் ஏற்றுக்கொண்டால் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

பள்ளியில் செய்ய வேண்டியதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. சர்க்கரை திடீரென்று இறங்கினால் உடனே இனிப்புத் தின்ன வேண்டும். ஏறினால் தண்ணீர் தாகமும் மூத்திரமும் அடிக்கடி வரும். சி.பி.எஸ்.இ. போர்டு 2017-லேயே பொதுப் பரீட்சை ஹாலுக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்திருக்கிறது. புதுவை அரசுப் பள்ளிகள் இப்போது அந்தப் பாடத்திட்டத்துக்குத்தான் மாறியிருக்கின்றன. பரீட்சை ஹாலில் கிடைக்கும் அனுமதி தினசரி வகுப்பில் கிடையாதா? எழுந்து வெளியே போகக் கை தூக்கும் பிள்ளையை "உட்கார்!" என்று அதட்டும் வாத்தியாருக்கு யாராவது விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்களா?

நாம் கேட்பது:

1. வில்லியனூர், பாகூர் சுகாதார நிலையங்களில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் வாரம் ஒரு நாளாவது உட்கார வேண்டும். நாளும் நேரமும் தமிழில் எழுதி மாட்ட வேண்டும்.

2. நீண்ட நாள் நோயுள்ள பிள்ளைகளின் மாதாந்திர மருந்தும் சாதாரணப் பரிசோதனையும் அதே நாளில், அதே இடத்தில் நடக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிப் பயணம் அவசியமானபோது மட்டும் போதும்.

3. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்கும், வார்டில் காவலிருக்கும் நாளுக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ கூலி ஈடு. ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. மூலம், விவசாயத் தொழிலாளிக்குச் சர்க்கார் மூலம்.

4. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியருக்கு இந்த நோய்களைப் பற்றியும் பிள்ளைகளின் மனத்தைப் பற்றியும் பயிற்சி. இனிப்பு, தண்ணீர், கழிப்பறை மூன்றுக்கும் தடை கூடாது. ஆஸ்பத்திரியில் கழித்த நாளுக்காகப் பிள்ளையைப் பின்தள்ளக் கூடாது.

5. பள்ளிப் பரிசோதனைக்கு வரும் மருத்துவக் குழு, நோயுள்ள பிள்ளையின் எடையையும் உயரத்தையும் குறிப்பதோடு நிற்காமல், தனியே உட்கார்ந்து பேசி, மனச் சோர்வு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்கக் கொம்யூன் பஞ்சாயத்து நமக்கு ஒரு மேடையாக இருந்திருக்க வேண்டும். 2006-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தலை நடத்தாமல் அந்த மேடையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மேடை இல்லையென்று வாயை மூடிக்கொள்வோமா? 1936 ஜூலை 30-இல் எட்டு மணி நேர வேலை கேட்ட புதுவை ஆலைத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றும் அது "நடக்காத காரியம்" என்றுதான் சொன்னார்கள். மறு வருஷமே எட்டு மணி நேரம் சட்டமாயிற்று.

சர்க்கார் கொடுக்கும் வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் கூடாது. ஒவ்வொரு சங்கக் கிளையும் தன் ஊரில் நீண்ட நாள் நோயுள்ள பிள்ளைகள் யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். ஊரறியத் தண்டோரா போட அல்ல, துணைக்கு நிற்க. தாய்க்கு வேலையுள்ள நாளில், பிள்ளைக்குப் பழகிய ஒருவர், பெற்றோர் சம்மதத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகட்டும். நடவுக் கும்பலில் ஆஸ்பத்திரிக்குப் போனவளின் இடத்தை மறுநாள் வரை காப்பது மற்றப் பெண்கள் கையில் இருக்கிறது. சர்க்கார் உத்தரவு வேண்டாத காரியம் அது. பிள்ளையின் காதுபட "பாரம்", "தோஷம்" என்று பேசுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

அந்த மூன்றாவது தீர்ப்புச் சொன்ன பழைய தோழரை அந்தப் பிள்ளை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனோம். விஷயத்தைக் கேட்டவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது பிள்ளையைக் கூப்பிட்டு, "அடுத்த மாசம் மருந்து வாங்க நானும் உன் கூட வர்றேன்மா. எனக்கு அன்னைக்கு வேலை இல்லை" என்றார். அவருக்கு வேலை இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

அந்த மாதம் அவள் மருந்தை மிச்சம் பிடிக்கவில்லை. ஆனால் ஒரு தோழரின் நல்ல மனசை நம்பி ஒரு பிள்ளை உயிர் வாழக்கூடாது. அது அவளுக்கு உரிமையாக வேண்டும். வில்லியனூரிலும் பாகூரிலும் பலகை மாட்டும் வரை கேட்போம்!